பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர்: கன்சோலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தப்பான டெர்மினலில் ரீபூட் அடிப்பது, ஐபி முகவரியை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் புத்தி வந்துவிடும். ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்ட உதவும் பிராக்ஸ்மாக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். அதில் ஒன்று டேட்டாவையே தின்றுவிடும். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மற்ற நோடு செத்ததா என்று பார்க்காமல் ‘எக்ஸ்பெக்டட் 1’

இரண்டு சர்வரை (நோடு) ஒன்றாக இணைத்த கிளஸ்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால்தான் குவோரம், அதாவது இரண்டுமே வேண்டும். ஒன்று படுத்தால், மற்றதில் கிளஸ்டர் கான்ஃபிக் இருக்கும் ஃபோல்டரில் எதுவும் எழுத முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம் ஓடும், புதிதாக எதையும் ஸ்டார்ட் செய்ய முடியாது. ‘பிவிஇசிஎம் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் ‘ஆக்டிவிட்டி பிளாக்டு’ என்று வரும்.

நெட்டில் தேடினால் உடனே கிடைக்கும் வைத்தியம் ‘பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1’. ஒரு ஓட்டே போதும் என்று கிளஸ்டரிடம் சொல்லும் கட்டளை. அடித்த நொடியே எல்லாம் வேலை செய்துவிடும். எனக்கு எரிச்சலே அதுதான்.

நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் நடந்தது இது. இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவாக நெட்வொர்க் வழியே டிஸ்க் கொடுக்கும் ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ். நோடு விழுந்தால் விஎம்மைத் தானாக வேறு நோடில் எழுப்பும் ஹெச்ஏ போடவில்லை. நோடுகள் ஒன்றோடொன்று பேச உதவும் காரோசிங்க் போகும் சுவிட்ச் மட்டும் படுத்துவிட்டது. ஸ்டோரேஜுக்கு வேறு கேபிள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டாவது நோடில் உட்கார்ந்து பார்த்தால், முதல் நோடு சிவப்பாகத் தெரிகிறது. எக்ஸ்பெக்டட் 1 அடித்தான். முதல் நோடின் பெயரில் இருந்த அக்கவுண்ட்ஸ் விஎம்மின் கான்ஃபிக் ஃபைலை, நகர்த்தும் கட்டளையான ‘எம்வி’ கொடுத்து இந்தப் பக்கம் இழுத்தான். ஸ்டார்ட். விஎம் எழுந்தது.

முதல் நோடிலோ அதே விஎம் நிற்கவே இல்லை. ஒரே டிஸ்கில் இரண்டு விஎம்மும் ஒன்றையொன்று அறியாமல் எழுதித் தள்ளின. டிஸ்கைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் இதைத் தானாகத் தடுக்காது. கிளஸ்டரின் பூட்டை நம்பித்தான் அது இருக்கிறது, எக்ஸ்பெக்டட் 1 உடைத்ததே அந்தப் பூட்டைத்தான். ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டியபோது மிஞ்சியதெல்லாம், பெயர் போய் வெறும் எண்ணோடு நின்ற ஃபைல்கள். பேக்கப் முந்தைய இரவுடையது. அன்றைய பகல் முழுக்கப் போட்ட பில்கள் போயின.

சிவப்புக் குறி தெரிந்தால், அந்த நோடு பேசுவது இங்கே கேட்கவில்லை என்பது மட்டும்தான் உறுதி. செத்ததா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஐபிஎம்ஐ (சர்வரைத் தூரத்திலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் வசதி) இருந்தால் அதில் நுழைந்து பவர் ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் ரேக் வரை நடந்து போய் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். அப்புறம் எக்ஸ்பெக்டட் 1 அடியுங்கள், தப்பே இல்லை.

இந்தத் தலைவலியே வேண்டாமென்றால், கிளஸ்டருக்கு வெளியே நின்று ஓட்டு மட்டும் போடும் கியூடிவைஸ் போடுங்கள். மூன்றாவது ஓட்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று போதும். அதையும் அதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக வைக்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள்; என்ன சொல்வது!

ஹெச்ஏ போட்டுவிட்டு ஒரே சுவிட்சை நம்புவது

ஹெச்ஏ விஎம் ஓடும் நோடு குவோரத்தை இழந்தால், சுமார் 60 நொடியில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதை ரீபூட் செய்யும். சுவிட்சுக்கு ஃபர்ம்வேர் ஏற்றப் போனால் அத்தனை நோடும் சேர்ந்து விழும். காரோசிங்க் 8 லிங்க் வரை ஏற்கும். இரண்டாவது லிங்க் போட என்ன சோம்பல்?

காரோசிங்கும் பேக்கப்பும் ஒரே கேபிளில்

காரோசிங்குக்குப் பெரிய வேகம் வேண்டாம், தாமதம்தான் ஆகாது. 5 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும். தனி கேபிள் கொடுங்கள்.

கிளஸ்டரிலிருந்து நீக்கிய நோடை மறுபடி ஆன் செய்வது

கூடாது. முழுதாக ரீஇன்ஸ்டால் செய்த பிறகுதான்.

காரோசிங்க் கான்ஃபிக்கை நேரடியாகத் திருத்துவது

காப்பி எடுத்து அதில் திருத்துங்கள். கான்ஃபிக் வெர்ஷன் எண்ணில் ஒன்று கூட்டிய பிறகே ‘எம்வி’ கொடுங்கள்.