தீயணைப்பு வண்டிக்காகத் தோட்டத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி?

இலங்கையில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தீயணைப்புச் சேவை இல்லை. தீயணைப்புப் பிரிவுகளைப் பெரும்பாலும் மாநகர சபைகளே நடத்துகின்றன. கண்டி, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களின் பிரிவுகள் நகர எல்லையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை என்றாலும், சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் லயன் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தீப்பற்றினால் அழைக்கப்படுகிறவர்களும் அவர்களே. கடைவீதிக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் அதே வண்டி, வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதையில் வந்துசேர முக்கால் மணித்தியாலம் ஆகலாம். அந்த நேரத்தைக் குறைப்பதும், வந்த வண்டி உடனே வேலையைத் தொடங்க வழிசெய்வதும் பெருமளவு தோட்டத்தில் இருப்பவர்கள் கையிலேயே உள்ளன. ஆகவே தோட்டத் தலைவர்மார், இளைஞர்கள், நிருவாகத்தினர் ஆகியோர் ஒன்றுகூடி, வறட்சிக்காலம் தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்து முடிப்பது நல்லது.

நிலையத்தை நேரில் அறிதல்

உங்கள் தோட்டத்துக்கு எந்த நகரத்திலிருந்து வண்டி வரும் என்பதை ஊகத்துக்கு விடாமல், இரண்டு மூன்று பேர் நேரில் சென்று பொறுப்பதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு முறையில் எத்தனை பேர் கடமையில் இருப்பார்கள், வண்டியின் தாங்கி எத்தனை லீற்றர் கொள்ளும், தண்ணீர் ஏற்றிவரும் பௌசர் தனியாக உண்டா, குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தினால் வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் எட்டும் என்பனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆளணி பற்றிய கேள்வி வெறும் விசாரிப்பல்ல. நால்வர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், சாரதி வண்டியின் பம்பை இயக்கிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். ஒருவர் நிலைமையைப் பார்த்துக் கட்டளையிட வேண்டும். குழாய் பிடிக்க எஞ்சுவது இருவர் மட்டுமே. புகை மண்டிய வீட்டுக்குள் சுவாசக் கருவியுடன் நுழைவதற்கும் இருவர் சேர்ந்துதான் செல்ல வேண்டும் என்பது தீயணைப்பில் அடிப்படை விதி. எனவே குழாய்ச் சுருள்களை மேட்டுக்குத் தூக்கிக் கொடுக்கவும், கூட்டத்தை விலக்கி நிறுத்தவும் பழக்கப்பட்ட பத்துப் பேர் தோட்டத்தில் இருந்தால், அந்தச் சிறு குழுவின் வலு கூடிவிடும். அப்பத்துப் பேரைத் தெரிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பகலில் பெரும்பாலானோர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், லயத்தில் முதியவர்களும், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளுமே இருப்பார்கள். ஆதலால் பகலுக்கு ஒரு குழுவும் இரவுக்கு வேறொரு குழுவும் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களைப் பகல் குழுவில் சேர்ப்பது என் கருத்தில் மிகப் பொருத்தம், ஏனெனில் தீயணைப்பான்களைக் கையாண்டு பார்த்தவர்கள் அநேகமாக அவர்களாகவே இருப்பார்கள்.

பாதை

நான்காயிரம் லீற்றர் தண்ணீர் ஏற்றிய வண்டி, தண்ணீரின் பாரமாக மட்டுமே நான்கு தொன்னைச் சுமக்கிறது. கொழுந்து லொறி போகும் பாதையில் இதுவும் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய மதகுகளும் மரப்பாலங்களும் தாங்குமா, கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்புமா, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி இருக்கிறதா என்பவற்றைத் தீயணைப்பு உத்தியோகத்தர் ஒருவரை அழைத்துவந்து காட்டிக் கேட்பதே சிறந்தது. பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டங்களுக்குள்ளும் சபை நிதியைச் செலவிட வழி ஏற்பட்டிருக்கிறது. ஆகவே மதகு திருத்தத்துக்கான கோரிக்கையை நிருவாகத்திடம் மட்டுமன்றிப் பிரதேச சபை உறுப்பினரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

தண்ணீர்

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்க வேண்டியது இதுவே. ஒரு குழாய் நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைத்தால், 4,000 லீற்றர் தாங்கி பத்தே நிமிடத்தில் வெறுமையாகிவிடும். இரண்டு குழாய்களைத் திறந்தால் ஐந்து நிமிடம். அதன் பிறகு பக்கத்தில் ஆறோ குளமோ தாங்கியோ இல்லையென்றால், அந்த வண்டி தண்ணீருக்காக மறுபடியும் கீழே இறங்க வேண்டியதுதான். பீலியில் (மலை ஊற்று நீர் விழும் குழாயில்) விழும் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் போதுமே தவிர, பம்புக்குப் போதாது. அதைத் தேக்கிவைக்கும் சீமெந்துத் தொட்டி ஒன்று பாதையோரத்தில் இருந்தால் கதை வேறு.

தொட்டியை அல்லது ஆற்றோர இடத்தைத் தெரிவு செய்யும்போது மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கலை நினைவிற்கொள்ள வேண்டும். பம்ப் தண்ணீரை உறிஞ்சி எடுப்பது காற்றழுத்தத்தின் துணையால்தான். கடல் மட்டத்தில் நடைமுறையில் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்க முடியும் என்றால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதால், அந்த ஆழமும் 2 மீற்றர் அளவு குறைந்துவிடுகிறது. ஆகவே வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 மீற்றருக்கும் கீழே ஓடும் ஆறு, கண்ணுக்குத் தெரிந்தாலும் அவசரத்துக்கு உதவாது. உறிஞ்சு குழாயின் முனை முழுதாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கவும் வேண்டும். இல்லையேல் காற்றை இழுத்துக்கொண்டு பம்ப் நின்றுவிடும். கோடையில் ஆறு வற்றியிருக்கும் நாளில் போய் அளந்து பார்ப்பதே சரியான சோதனை.

லயன் பாதைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு 10 மீற்றர் ஏற்றத்துக்கும் குழாயில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் குறையும். பாதையிலிருந்து 40 மீற்றர் உயரத்திலுள்ள லயத்துக்கு இறைக்கையில் நான்கு பார் அந்த ஏற்றத்துக்கே போய்விடும். அத்தகைய லயங்களுக்கு மேலேயே ஒரு தாங்கி கட்டச் சொல்லி நிருவாகத்தை வற்புறுத்துவது நியாயமான கோரிக்கை.

அழைப்பு

தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இவற்றோடு உங்கள் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் சேர்த்து ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் பெயின்டால் எழுதிவையுங்கள். அழைப்பவர் தோட்டத்தின் பதிவுப் பெயரையும் நாம் வழங்கும் பெயரையும், எந்தப் பிரிவு என்பதையும், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தியில் டோர்ச் லைட்டுடன் ஒருவர் வண்டி வரும்வரை நிற்க வேண்டும்; மூடுபனி இறங்கிய இரவில் இவர் இல்லாவிட்டால் வண்டி வேறு பாதையில் ஏறிவிடும்.

வண்டி வரும்வரை

லயன் அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருப்பதாலும், கூரைக்கடியில் மரச்சட்டங்கள் தொடர்ந்து ஓடுவதாலும், ஒரு காம்பிராவில் பற்றிய தீ சுவரைத் தாண்டாமல் மேல்வழியாகவே அடுத்ததற்குப் போகிறது. ஆகவே எரியும் வீட்டோடு நில்லாமல், இரு பக்கத்து வீடுகளிலும் இருப்பவர்களை முதலில் வெளியேற்றி, தலைகளை எண்ணிப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைக்குமுன் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்து வீடுகளின் எரிவாயு சிலிண்டர்களை, தீ எட்டாத நிலையில் மட்டும், மூடித் தூக்கிச் சென்று திறந்தவெளியில் நிமிர்த்தி வையுங்கள். அவ்வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் வடிகான்களிலும் பள்ளத்திலும் தேங்கும். கூரையில் ஏறித் தகரம் பிடுங்குவதை வீரமாகக் கருதுகிறார்கள். தவறான இடத்தில் திறந்தால் தீக்குக் காற்று கிடைத்துவிடும், காலடியில் சட்டமும் முறியும். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

மானாப்புல் காட்டில் பற்றும் தீ வேறு வகை. மேற்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் இது அதிகம். அங்கே வண்டி ஏற வழியில்லை. சரிவு கூடக் கூடத் தீ மேல்நோக்கி விரைவாக ஏறும் என்பதால், தீக்கு மேல்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வறட்சிக்கு முன்பே லயத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிவிடுவதுதான் செய்யக்கூடிய வேலை.

தீ அணைந்த பின் பொலிசில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியையும் தீயணைப்புப் பிரிவின் அறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள்; எரிந்துபோன அடையாள அட்டைக்கு மறுபடி விண்ணப்பிக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். பிறப்புச் சான்றிதழ் முதலிய பத்திரங்களின் பிரதிகளை இப்போதே வேறு லயத்திலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவைக்கலாம்.