டிஏசி வெளியீட்டில் ரெசிஸ்டரா, ஆப்-ஆம்பா?

சொந்தமாக டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சைகையாக மாற்றும் கருவி) கட்டுபவர்கள் முதலில் அதன் சிப்பின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, திறந்து, சிப் தருவது மின்னழுத்தமா மின்னோட்டமா என்று பாருங்கள். மின்னோட்டம் என்றால், அதை மின்னழுத்தமாக மாற்றும் இடத்தில்தான் ஒலியின் தரம் பெருமளவு தீர்மானமாகிறது.

இந்த மாற்றத்துக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும் என்ற எண்ணம் ஆசையைத் தூண்டும். ஆனால் மின்னோட்டம் தரும் டிஏசி சிப்பான டிடிஏ1541ஏ-வின் வெளியீட்டு முனை ±25 மில்லிவோல்ட் வரைதான் தாங்கும். அது தரும் 4 மில்லிஆம்பியருக்கு, நடுப்புள்ளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகும், 12 ஓம்தான் போட முடியும். கிடைப்பது உச்சியிலிருந்து உச்சிக்கு 48 மில்லிவோல்ட். வழக்கமான 2 வோல்ட் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு; உச்சியிலிருந்து உச்சிக்கு சுமார் 5.7 வோல்ட்) வேண்டுமென்றால் 100 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். இரைச்சலும் கூடவே ஏறும். சரி, ரெசிஸ்டரைப் பெரிதாக்கலாமே என்றால், ஒலி சிதையும்.

ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) அந்த முனையைக் கிட்டத்தட்ட பூஜ்ய வோல்ட்டிலேயே பிடித்து வைக்கும். எடுத்துக்காட்டாக, அதன் பின்னூட்டத்தில் (வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில்) 750 ஓம் ரெசிஸ்டரும் அதற்கு இணையாக 2700 பிக்கோஃபேரட் கபாசிட்டரும் போடலாம். அப்போது வெட்டு அதிர்வெண், அதாவது எதற்கு மேல் சைகை குறையத் தொடங்குமோ அந்த எல்லை, சுமார் 79 கிலோஹெர்ட்ஸ். அந்தக் கபாசிட்டரை விட்டுவிடாதீர்கள். சிப்பிலிருந்து வரும் கூர்மையான படிகளை மட்டுப்படுத்துவது அதுதான். செராமிக் கபாசிட்டர் என்றால், மதிப்பு மாறாமல் நிற்கும் சி0ஜி வகை மட்டும். மின்னழுத்தத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் எக்ஸ்7ஆர் வகை இந்த இடத்துக்கு ஆகாது.

முதல்முறை கட்டுபவர்களுக்கு என் பரிந்துரை ஆப்-ஆம்ப்தான். அப்புறம், வெளியீட்டில் தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். நீளமான கேபிளை இணைத்தாலும் ஆப்-ஆம்ப் அலைவுறாமல் இருக்க அது உதவும்.