கேமராவ கழட்டி வச்சுட்டு மறுபடியும் ஐபீஸுக்கு வர்றது எப்படி

பல வருஷமா வானத்த படம் எடுத்துட்டே இருந்தவங்க மறுபடியும் டெலஸ்கோப்போட ஐபீஸ்ல (கண்ண வச்சு பாக்கற லென்ஸ்) பாக்க உக்காந்தா முதல் ராத்திரி சப்புனுதான் இருக்கும், ஏன்னா மண்டைக்குள்ள இருக்கறது மணிக்கணக்கா எடுத்த படங்கள ஒண்ணா சேத்து (ஸ்டேக் பண்ணி) வந்த ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, ஐபீஸ்ல தெரியறது சாம்பல் கலர்ல ஒரு புகை. உடனே டெலஸ்கோப் சரியில்லன்னு தோணும், இல்லனா பெருசா ஒரு டாப்சோனியன் (சாதா பெட்டி ஸ்டாண்ட்ல உக்கார்ற கண்ணாடி டெலஸ்கோப்) வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணும். அவசரப்படாதீங்க. படம் எடுக்கறப்போ காத்திருக்கற வேலைய கேமரா பாத்துக்குச்சு, இப்போ அத நீங்க பாக்கணும், ஒரே ஆப்ஜெக்ட்ட விடாம பதினஞ்சு இருபது நிமிஷம் பாக்கற பழக்கம் வரணும். அது வந்துட்டா இருக்கற டெலஸ்கோப்லயே இவ்ளோ தெரியுதான்னு ஆச்சரியப்படுவீங்க.

கண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா எத தேடறது எத விடறதுன்னு புரிஞ்சுடும். சென்சார் அஞ்சு நிமிஷம் திறந்து இருந்தா அஞ்சு நிமிஷ வெளிச்சத்தையும் சேத்து வைக்கும், கண்ணு ஒரு செகண்டுக்கும் ரொம்ப குறைவான நேரத்து வெளிச்சத்ததான் சேக்கும். அப்புறம் கலர். இருட்டுல வேலை செய்யற ராட் செல்லுக்கு கலரே தெரியாது, அது நல்லா உணர்றது 500 நானோமீட்டர் பக்கம் இருக்கற பச்சை நீலத்த. நம்ம படங்கள்ல செவசெவன்னு வர்ற ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜன் வாயு விடற சிவப்பு வெளிச்சம்) 656 நானோமீட்டர்ல இருக்கு, அது இருட்டுக்கு பழகின கண்ணுக்கு கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். அதனால கலிஃபோர்னியா, குதிரைத்தலை மாதிரி நெபுலா (விண்வெளில இருக்கற வாயு, தூசி மேகம்) எல்லாம் படத்துல சுலபம், கண்ணுக்கு மகா கஷ்டம். ஆனா ஆக்சிஜன் 3 லைன் (ஆக்சிஜன் வாயு விடற பச்சை வெளிச்சம்) 501 நானோமீட்டர், அதாவது ராட் செல்லோட உச்சத்துக்கு பக்கத்துலயே, அதனாலதான் வெய்ல் நெபுலாவும் நிறைய பிளானட்டரி நெபுலாக்களும் (சாகற நட்சத்திரம் வெளிய விட்ட வாயு) கண்ணுக்கு நல்லா வருது. படம் எடுக்கற லிஸ்ட்ட அப்படியே கையில வச்சுக்கிட்டு ஐபீஸ்ல தேடினா ஏமாற்றம்தான் மிஞ்சும், லிஸ்ட்ட புதுசா போடுங்க.

என்னோட யோசனை, முதல் சில ராத்திரிகளுக்கு கேமராவ விட கண்ணு ஜெயிக்கற இடங்களுக்கு மட்டும் போங்க. எம் 42, அதாவது ஓரியன் நெபுலா, நல்ல ஆரம்பம் (எம்னா மெஸ்ஸியே போட்ட லிஸ்ட்டோட நம்பர்). சாதாரணமா எடுத்த படத்துல அதோட நடுப்பகுதி வெள்ளையா வெந்து போயிருக்கும், வேற வேற எக்ஸ்போஷர் எடுத்து சேத்தாதான் ட்ரபீசியமும் வெளிய விரியற இறக்கையும் ஒண்ணா வரும், கண்ணுக்கு அது ரெண்டும் ஒரே பார்வைல தெரியும், நடுவுல நாலு நட்சத்திரம் ஊசி முனையா, சுத்தி லேசா பச்சை கலந்த சாம்பல். காத்து அசையாத ராத்திரில 100 மிமீக்கு மேல இருக்கற டெலஸ்கோப்புல மேக்னிஃபிகேஷன ஏத்திட்டு பொறுமையா பாத்தா ஈ, எஃப்னு சொல்ற அஞ்சாவது ஆறாவது நட்சத்திரமும் பளிச்சுனு ஒரு நொடி வந்துட்டு போகும்.

அடுத்து இரட்டை நட்சத்திரம். படம் எடுக்கறவங்க இந்த பக்கம் வர்றதே அபூர்வம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அல்பீரியோவ 30 மடங்குல பாருங்க, ஒண்ணு தங்கம் ஒண்ணு நீலம், அந்த கலர் கண்ணுக்கு வர்ற மாதிரி எந்த படத்துலயும் வராது. எப்சிலான் லைரே பைனாகுலர்ல ரெண்டா தெரியும், டெலஸ்கோப்புல 100, 150 மடங்குக்கு போனா அந்த ரெண்டும் ஒவ்வொண்ணும் ரெண்டா பிரியும், இடைவெளி ரெண்டரை ஆர்க் செகண்டுக்கும் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்) கம்மி, அதனால உங்க கொலிமேஷன் (டெலஸ்கோப் கண்ணாடி, லென்ஸ் எல்லாம் நேரா இருக்கறது) எப்படி இருக்கு அன்னிக்கு காத்து எப்படி இருக்குன்னு சொல்ற டெஸ்ட்டும் அதுவே. டவுன் வெளிச்சத்துல, நிலா இருக்கற ராத்திரில கூட இதெல்லாம் பாக்கலாம்.

அப்புறம் குளோபுலர் கிளஸ்டர் (ஏகப்பட்ட நட்சத்திரம் உருண்டையா கூடி இருக்கறது), எம் 13, எம் 22, உங்க வானத்துல ஏறும்னா ஒமேகா சென்டாரி. மேக்னிஃபிகேஷன ஏத்த ஏத்த மங்கலான உருண்டை பொடிப்பொடியா உடையும், ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் நட்சத்திரம் மினுக்கி மினுக்கி வர்றது உயிரோட்டமா இருக்கும். கிரகங்களுக்கும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான ஃப்ரேம் எடுத்து நல்லத மட்டும் பொறுக்கி சேக்கற வேலைய, காத்து அடங்கற அந்த அரை நொடிக்காக கண்ண எடுக்காம காத்திருந்து நாமளே செய்யறோம். சனிய வெறும் முப்பது செகண்ட் பாத்துட்டு எந்திரிச்சா வளையம் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், இருபது நிமிஷம் உக்காந்தா காசினி இடைவெளி (வளையத்துக்கு நடுவுல ஓடற கருப்பு கோடு), வளையத்து மேல விழற நிழல், உருண்டைல மெல்லிசா ஓடற பட்டைன்னு ஒண்ணொண்ணா வரும், ஆனா வளையம் கொஞ்சம் திறந்து இருக்கற வருஷமா இருக்கணும்.

இருட்டுக்கு கண்ண பழக்கறது, இதுலதான் படம் எடுத்தவங்க ரொம்ப கெட்டுப் போயிருப்பாங்க, லேப்டாப் ஸ்க்ரீன், மவுண்ட்ல (டெலஸ்கோப்ப தாங்கற ஸ்டாண்ட்) எல்இடி, கைடிங் கிராஃப (மவுண்ட் நட்சத்திரத்த சரியா தொடருதான்னு காட்டறது) பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கறதுன்னு ராத்திரி முழுக்க வெளிச்சத்துக்கு நடுவுலயே இருந்து பழக்கம். ராட் செல் நல்லா தயாராக அரை மணி நேரம் ஆகும், அதுக்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டே போகும், ஒரே ஒரு தடவை ஃபோன திறந்தா மறுபடி முதல்லேர்ந்து. சிவப்பு லைட்தானேன்னு பளிச்சுனு வச்சுக்காதீங்க, சிவப்பும் மங்கலா இருந்தாதான் பிரயோஜனம். பகல்ல கடும் வெயில்ல நின்னா அன்னிக்கு ராத்திரி கண்ணு பழக லேட்டாகும், அதனால இருட்டான இடத்துக்கு கிளம்பற அன்னிக்கு பகல்ல கூலிங் கிளாஸ் போட்டுக்கறது நல்லது. ஐபீஸ்ல பாக்கறப்போ தலைக்கு மேல ஒரு கருப்பு துணிய போத்திக்கிட்டா பக்கத்து வெளிச்சம் எல்லாம் அடைபட்டு ஒரு படி கூடுதலா தெரியும், செலவே இல்லாத முன்னேற்றம் இது.

ஓரக்கண்ணால பாக்கறத மறந்திருப்பீங்க, அதையும் திரும்ப பழகணும். நேரா பாக்கற இடத்துல ராட் செல் கிடையாது, அதனால மங்கலான ஒண்ண உத்துப் பாத்தா மறைஞ்சே போகும், பார்வைய கொஞ்சம் தள்ளி வச்சா மேல வரும். எந்த பக்கம் தள்றதுன்னு ஒரு கணக்கு இருக்கு, ஆப்ஜெக்ட் மூக்குப் பக்கமா இருக்கணும், அதாவது வலது கண்ணால பாத்தா பார்வைய ஆப்ஜெக்ட்டுக்கு வலது பக்கமும், இடது கண்ணுன்னா இடது பக்கமும் வையுங்க, மாத்தி வச்சா அது கண்ணோட குருட்டுப் புள்ளில போய் விழுந்துடும். இன்னொரு வித்தை, டெலஸ்கோப்ப விரலால லேசா தட்டுங்க, ஓரப் பார்வை அசையறத சீக்கிரம் புடிக்கும், இருக்கா இல்லயான்னு சந்தேகமா இருந்த கேலக்ஸி அசையும்போது தெரிஞ்சுடும். மூச்ச புடிச்சுட்டு பாக்காதீங்க, நிதானமா மூச்சு விட்டுக்கிட்டு வசதியா உக்காந்து பாருங்க. உயரத்த மாத்தற மாதிரி ஒரு நாற்காலி, விலையான ஐபீஸ விட முதல்ல அத வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.

இருக்கற சாமான் பத்தி. படத்துக்கு வாங்கின சின்ன ரிஃப்ராக்டர்ல (லென்ஸ் டெலஸ்கோப்) ஃப்ளாட்னர (படத்தோட ஓரம் வரைக்கும் ஷார்ப்பா வர போடற லென்ஸ்) கழட்டிட்டு டயகனல் (பார்வைய வசதியா மேல திருப்பற கண்ணாடி) போட்டா போதும். 80 மிமீ எஃப்/6ல (அதாவது ஃபோகல் லெங்த் 480 மிமீ) 24 மிமீ ஐபீஸ், 68 டிகிரி ஃபீல்டுன்னு வச்சுக்குவோம், 20 மடங்குல கிட்டத்தட்ட மூணரை டிகிரி வானம், கார்த்திகை முழுசா உள்ள உக்காரும். ஆனா சின்ன கேலக்ஸிக்கெல்லாம் அது பத்தாது, படத்துல எக்ஸ்போஷர ஏத்தி சமாளிச்சுடலாம், கண்ணுக்கு அந்த வழி இல்ல, 200 மிமீ கண்ணாடி 80 மிமீய விட ஆறு மடங்குக்கு மேல வெளிச்சம் சேக்கும். படத்துக்குன்னே செஞ்ச நியூட்டோனியன் (பக்கவாட்டுல ஐபீஸ் இருக்கற கண்ணாடி டெலஸ்கோப்) வச்சிருந்தா ஃபோகஸ் வெளிய ரொம்ப தள்ளி இருக்கும், எக்ஸ்டென்ஷன் ட்யூப் இல்லாம ஐபீஸ் ஃபோகஸ் ஆகாது, கிளம்பறதுக்கு முன்னாடி பகல்லயே தூரத்து மரத்த பாத்து ஃபோகஸ் வருதான்னு செக் பண்ணிடுங்க. ஈக்வடோரியல் மவுண்ட்ல (துருவத்த நோக்கி சாய்ச்சு வச்சு சுத்தறது) நியூட்டோனியன் இருந்தா ஐபீஸ் கண்ட திசைல திரும்பி கழுத்து வலிதான் மிச்சம், அதுக்கு மேல கீழ, இடம் வலம்னு மட்டும் திரும்பற சாதா ஆல்ட் அசிமுத் மவுண்ட் எவ்வளவோ மேல்.

ஐபீஸ் தேர்வுல எக்ஸிட் ப்யூபில் (ஐபீஸ்லேர்ந்து கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தோட அகலம்) கணக்கு மட்டும் போதும், ஐபீஸோட ஃபோகல் லெங்த்த டெலஸ்கோப்போட எஃப் நம்பரால வகுக்கணும், எஃப்/5ல 25 மிமீன்னா 5 மிமீ, 10 மிமீன்னா 2 மிமீ. பெரிய நெபுலாவ ஃபில்டர் போட்டு பாக்க 4, 5 மிமீ, கேலக்ஸிக்கும் குளோபுலருக்கும் 2 மிமீ பக்கம். மங்கலா இருக்கேன்னு மேக்னிஃபிகேஷன குறைச்சுட்டே போறதுதான் எல்லாரும் பண்றது, ஆனா சின்ன கேலக்ஸி பெருசா தெரிஞ்சாதான் கண்ணு புடிக்கும், பின்னாடி வானமும் கருப்பாகும், தைரியமா ஏத்திப் பாருங்க.

கோ டூவும் (டெலஸ்கோப்பே ஆப்ஜெக்ட்ட தேடிப் போறது) ப்ளேட் சால்விங்கும் (படத்துல இருக்கற நட்சத்திரத்த வச்சு எங்க பாக்கறோம்னு கம்ப்யூட்டர் கண்டுபுடிக்கறது) வச்சுக்கறதுல தப்பே இல்ல. ஆனா வாரத்துல ஒரு ராத்திரியாவது மேப்ப வச்சுக்கிட்டு ஸ்டார் ஹாப்பிங் (தெரிஞ்ச நட்சத்திரத்துலேர்ந்து ஒண்ணொண்ணா தாவிப் போறது) பண்ணுங்க, அந்த ஆப்ஜெக்ட் வானத்துல எங்க இருக்கு பக்கத்துல எந்த நட்சத்திரம்னு மனசுல பதிஞ்சுடும், நூறு தடவை படம் எடுத்த இடமே புதுசா தெரியும். கேட்டைலேர்ந்து எம் 4க்கு போறது ஒரே எட்டுதான், அங்கேர்ந்து ஆரம்பிங்க. கேட்லாக்ல போட்டிருக்கற மேக்னிட்யூட (வெளிச்ச அளவு, எண் சின்னதா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி) நம்பி மட்டும் கிளம்பாதீங்க, எம் 33 கேலக்ஸி 5.7 மேக்னிட்யூட், எம் 57 ரிங் நெபுலா 8.8 தான், ஆனா எம் 33 ஒரு டிகிரிக்கு மேல பரவிக் கிடக்கு, எம் 57 ஒரு ஆர்க் நிமிஷம் (டிகிரில 60ல ஒரு பங்கு) சொச்சம், அதனால டவுன்ல எம் 57 சுலபமா வரும், எம் 33 காணாமலே போயிடும்.

பாத்தத எழுதுங்க, முடிஞ்சா வரைங்க. வட்டம் போட்ட வெள்ளத்தாள், 2பி பென்சில், விரலால தேய்ச்சா நெபுலா. வரைய தெரியாதுன்னு தயங்க வேண்டாம், ஒரு நட்சத்திரத்த பேப்பர்ல வைக்கணும்னா அது எந்த நட்சத்திரத்துக்கு எவ்ளோ தூரம்னு பாத்தே ஆகணும், அப்படி பாக்கறப்போதான் இன்னும் ரெண்டு மங்கல் நட்சத்திரம் கண்ணுல படும். எம் 51 கேலக்ஸிக்கு சுருள் கை இருக்குன்னு 1845ல ராஸ் பிரபு கண்டுபுடிச்சதே 72 இன்ச் கண்ணாடில கண்ணால பாத்து வரைஞ்சுதான். இன்னொருத்தர் ஈ.ஈ. பர்னார்ட், பால்வெளிய அகலமா படம் எடுத்து இருண்ட நெபுலாக்களுக்கு கேட்லாக் போட்டவர், அதே மனுஷன் 1892ல லிக் அப்சர்வேட்டரியோட 36 இன்ச் ரிஃப்ராக்டர்ல கண்ண வச்சு வியாழனோட அஞ்சாவது நிலாவ கண்டுபுடிச்சார், கண்ணால பாத்து கண்டுபுடிச்ச கடைசி நிலா அதுதான். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியும்னு காட்ட இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

ரெண்டையும் ஒரே ராத்திரில பண்ணலாமா? பண்ணலாம், ஆனா ஒரே டெலஸ்கோப்புல மாத்தி மாத்தி வேண்டாம், ரெண்டும் கெடும். கேமரா செட்ட ஆட்டோல ஓட விட்டுட்டு லேப்டாப்ப மூடி, அதுலேர்ந்து நல்லா தள்ளிப் போய் 10x50 பைனாகுலரோ இன்னொரு டெலஸ்கோப்போ வச்சுக்கிட்டு உக்காருங்க, கைடிங் கெட்டா கெட்டுட்டு போகுதுன்னு விடற மனசு இருந்தா மட்டும். இல்லனா கொஞ்ச நாளைக்கு கேமராவ வீட்லயே விட்டுட்டு போறது நல்லது.

ஒரு ராத்திரிக்கு நாலு அஞ்சு ஆப்ஜெக்ட்டுக்கு மேல பிளான் போடாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அதோட படங்கள பாக்காம, மத்தவங்க பென்சில்ல வரைஞ்ச ஸ்கெட்ச் கிடைச்சா பாருங்க, எதிர்பார்ப்பு சரியான அளவுல இருக்கும். ஃபில்டர் வாங்கறதா இருந்தா கண்ணால பாக்கறதுக்குன்னே வர்ற ஓ 3 ஃபில்டர் (ஆக்சிஜன் 3 வெளிச்சத்த மட்டும் உள்ள விடறது) ஒண்ணு வாங்குங்க, படத்துக்கு வச்சிருக்கற 3 நானோமீட்டர் ஃபில்டர் கண்ணுக்கு ரொம்ப குறுகல், மொத்தமா இருட்டடிச்சுடும். வாங்கினதும் சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்துல 52 சிக்னி நட்சத்திரத்துக்கு போய் வெய்லோட மேற்குப் பக்கத்த பாருங்க, ஃபில்டர் இல்லாம ஒரு தடவை, போட்டுட்டு ஒரு தடவை.