ஏற்காட்டுல காலி பாட்டில குடுத்து 10 ரூபா திரும்ப வாங்குறது எப்படி

டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபா எக்ஸ்ட்ரா வாங்குறாங்களே, அது விலையேத்தம் இல்லங்க, டெபாசிட். ஐகோர்ட் சொல்லி 2022ல நீலகிரில ஆரம்பிச்சது, அப்புறம் நம்ம மலைக்கும் வந்துச்சு. காலி பாட்டில குடுத்தா அந்த 10 ரூபா அப்படியே கைக்கு வரும்.

வாங்கும்போதே பாட்டில்ல ஸ்டிக்கர் இருக்கான்னு பாத்துக்கோங்க, அதை சொரண்டாதீங்க, கிழிஞ்சா கடைக்காரர் வாங்க யோசிப்பாரு. குடிச்ச பாட்டில கழுவ வேணாம், கவுத்து வடிச்சா போதும். அட்டைப்பெட்டில நிக்க வச்சு கொண்டு போங்க, சாக்குல போட்டா ஒண்ணோட ஒண்ணு மோதி வாய் உடைஞ்சுடும், உடைஞ்சதுக்கு காசு கிடையாது. வாங்குன கடைலயே, கீழ இறங்குறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, சேலம் போய் பாத்துக்கலாம்னு வச்சா அது எங்கயாவது ரோட்டோரம் தான் போகும்.

20 ஹேர்பின் வளைவுலயும் வண்டிய நிறுத்தி குடிச்சுட்டு சரிவுல வீசுறாங்க, அந்த கண்ணாடி காப்பி செடிக்கடில சருகுக்குள்ள மறைஞ்சு கெடக்கும், பழம் பறிக்க வர்ற அக்காமாருங்க பாதி பேரு ரப்பர் செருப்புல தான் வர்றாங்க, காட்டுமாட்டுக்கு அதுவும் இல்ல. இத நெனச்சா மனசு பதறுது.

வீட்டு விசேஷமா? பிளாஸ்டிக் பாட்டிலுக்கு பதிலா உள்ளூர் சோடா கம்பெனில கோலி சோடா பெட்டி கணக்குல சொல்லுங்க. பாட்டிலுக்கு அட்வான்ஸ் எவ்ளோன்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, பந்தி முடிஞ்சதும் எண்ணி அடுக்க ஒரு பையன நிறுத்திடுங்க.