ஒரே வெள்ளம், மூன்று தலைப்பு: செய்தியில் சாய்வைக் கண்டுபிடிக்க மாணவர்களைப் பழக்குவது எப்படி?

கடலூரில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் வகுப்பில் கைகொடுத்த முறை இது.

1. ஒரே தேதியிட்ட நான்கு நாளிதழ்களை எடுங்கள். அதில் முரசொலி, தீக்கதிர் போல ஒரு கட்சி நாளேடு கட்டாயம் இருக்கட்டும். தன் சார்பை வெளிப்படையாகச் சொல்லும் ஏட்டோடு ஒப்பிட்டால் மற்றவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்று தெரியும். மொபைல் வேண்டவே வேண்டாம். எது முதல் பக்கம் வந்தது, எது எட்டாம் பக்க மூலைக்குப் போனது என்பது காகிதத்தில்தான் தெரியும். கோடு போட கலர் பென்சில்தான் நல்லது, ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

2. செய்தியை வெட்டி, பத்திரிகையின் பெயர் தெரியாமல் கொடுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் "அது அந்தக் கட்சிப் பேப்பர்" என்று சொல்லிவிட்டுப் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

3. வினைச்சொல்லுக்குச் சிவப்புக் கோடு. எல்லோரும் திணறுவது இங்கேதான், பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது. மாதிரிக்கு நான் எழுதிக் காட்டும் தலைப்புகள்:

"தென்பெண்ணையில் வெள்ளம்: கரையோர ஊர்கள் மூழ்கின"
"சாத்தனூர் அணை திறப்பால் ஊர்கள் மூழ்கின"
"நள்ளிரவில் அணையைத் திறந்துவிட்ட அதிகாரிகள்: தத்தளித்த மக்கள்"

மூன்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் முதலாவதில் ஆறுதான் காரணம், இரண்டாவதில் அணை, மூன்றாவதில் மனிதர்கள். "செய்தது யார்?" என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கச் சொல்லுங்கள். "திறக்கப்பட்டது", "கூறப்படுகிறது" என்று வரும் இடத்தில் அந்த ஆள் காணாமல் போயிருப்பார். முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு, எச்சரிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். இதில் ஒரு தரப்புக்கு "விளக்கம் அளித்தார்", இன்னொன்றுக்கு "மழுப்பினார்" என்று போட்டால் தீர்ப்பு அந்த வினையிலேயே முடிந்துவிட்டது. குற்றச் செய்திகளில் "கைதானான்", "கைது செய்யப்பட்டார்" என்று யாருக்கு எது வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மரியாதை விகுதி யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

4. யார் பேசியிருக்கிறார்கள், எத்தனை வரி என்று எண்ணச் சொல்லுங்கள். அமைச்சர், கலெக்டர், எம்எல்ஏ பெயரோடு வருவார்கள். மாட்டைப் பறிகொடுத்தவர் பெரும்பாலும் கடைசிப் பத்தியில் வெறும் "பொதுமக்கள்" ஆகியிருப்பார்.

5. தலையங்கத்தை இதில் சேர்க்காதீர்கள். கருத்துச் சொல்வதுதான் அதன் வேலை.

6. கடைசியாக, தங்கள் வீட்டில் வாங்கும் பேப்பரை அவர்களே இதே முறையில் பார்க்கட்டும். அப்பா நம்பும் பேப்பரில் சிவப்புக் கோடு போடக் கை வராது. அவசரப்படுத்தாமல் கூடவே உட்காருங்கள்.

பின்சேர்க்கை: தங்கள் ஊருக்கு ஒரே பேப்பர்தான் வருகிறது என்று பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். அதே பேப்பரை ஐந்து நாள் சேர்த்து வைத்து, ஒரே விஷயத்தைத் தொடரச் சொல்லுங்கள். எந்தப் பெயர் நடுவில் மறைகிறது என்று பாருங்கள்.

இன்னொருவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை: வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் "எல்லாப் பேப்பரும் பொய்" என்கிறார்களாம். அதனால் இப்போது பச்சைப் பென்சிலும் கொடுக்கிறேன். அணை திறந்த நேரம், வந்த நீரின் அளவு, மூழ்கிய ஊர்களின் பெயர் என நான்கு பேப்பரும் ஒத்துப்போகும் தகவல்களுக்குப் பச்சை. அதை முதலில் போடவையுங்கள், சிவப்பு அதற்குப் பிறகுதான்.