ஒட்டகச்சிவிங்கிக்கு யார் சொந்தம்? புதிதாகச் சொல்லிக்கொடுப்போர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

திருகோணமலைப் பக்கத்தில் பாடசாலைக் கண்காட்சி என்றால் விலங்குப் பிரிவுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வேலை பல வருடமாக என்னிடம்தான் வருகிறது. போன கிழமை புதிதாக வந்த இளம் ஆசிரியர்கள் இருவர் எழுதிவைத்த அட்டைகளைப் பார்த்தேன். ஆரம்பத்தில் நான் விட்ட அதே பிழைகள். எழுத்துப்பிழையும் கோணலாக ஒட்டிய படமும் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்து உறவு சொல்வது

"ஒட்டகச்சிவிங்கியின் நெருங்கிய உறவினர் ஒட்டகம்." இந்த வரியைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. ஒரு காலத்தில் நானே இதைக் கையேட்டில் அடித்து நாலைந்து பாடசாலைகளுக்குக் கொடுத்தேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வினாவிடைப் போட்டி மேடையில் அதையே சொல்லி, கடைசிக் கேள்வியில் தோற்றாள். இறங்கி வந்து, "நீங்கள்தானே சேர் சொன்னீங்கள்" என்றாள். எனக்கு வாய் எழவில்லை. கொடுத்த கையேடுகளைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை.

ஒட்டகம் போல உருவம், சிவிங்கிப்புலி போலப் புள்ளி என்று கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது. கிரேக்கரும் அப்படியே வைத்தார்கள். விஞ்ஞானப் பெயரில் கமெலோபார்டாலிஸ் என்று இன்றும் நிற்கிறது. உண்மையான சொந்தம் ஒகாபி. ஜிராபிடே குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருப்பவை இந்த இரண்டு வகைதான். கொங்கோ ஜனநாயகக் குடியரசின் மழைக்காட்டில் மட்டும் வாழும் ஒகாபிக்குத் தோள் உயரம் ஏறக்குறைய 1.5 மீற்றர். ஆனாலும் அதே நீண்ட கருநீல நாக்கு, கீழ்த்தாடையில் அதே இரண்டு மடலாகப் பிரிந்த கோரைப்பல்.

ஒட்டகம் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன கிளை. அதற்கு இரைப்பை மூன்று அறை, பாதம் மெத்தை. ஒட்டகச்சிவிங்கிக்கு நான்கு அறை, பிளந்த குளம்பு. எங்கள் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானுக்கும் அப்படித்தான். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் படுத்து அசைபோடுகிறதே, அந்த மான் ஒட்டகத்தை விட ஒட்டகச்சிவிங்கிக்குக் கிட்டிய சொந்தம். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு வாயை மென்று விழுங்கியதும் தாடை நிற்கும். அப்புறம் அடுத்த உருண்டை கழுத்துத் தோலுக்குள் மேலே ஏறும். தாடை திரும்ப அசையத் தொடங்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு இரைப்பையைப் பற்றி இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது.

வரியைப் பார்த்து வரிக்குதிரை என்பது

ஒகாபியின் கால்களிலும் பின்பக்கத்திலும் வெள்ளை வரி இருக்கும். இதில் விஞ்ஞானிகளே வழுக்கினார்கள். உகண்டாவில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த ஹரி ஜோன்ஸ்டன் அனுப்பிய தோல் துண்டுகளை மட்டும் வைத்து, 1901இல் விலங்கியலாளர் ஸ்க்ளேட்டர் அதைக் குதிரைப் பேரினத்தில் சேர்த்தார். அதே வருடம் மண்டையோடு லண்டன் வந்து சேர, இன்னொரு விலங்கியலாளரான லங்கெஸ்டர் ஒகாபியா என்று தனிப் பேரினமாக்கினார். இந்தக் கதையை அட்டையில் கட்டாயம் எழுதுங்கள். பிள்ளைகள் நின்று வாசிப்பார்கள்.

கழுத்தெலும்பு

ஒட்டகச்சிவிங்கிக்கு ஏழு. ஒகாபிக்கும் ஏழு, எங்களுக்கும் ஏழு.

கொம்பு

மான்கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும். ஒட்டகச்சிவிங்கியின் கொம்பு விழாது, அது தோல் மூடிய எலும்பு. ஒட்டகச்சிவிங்கியில் ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. ஒகாபியில் ஆணுக்கு மட்டும். கொம்பில்லாத ஒகாபிப் படம் கிடைத்தால் பிழையான படம் என்று கழித்துவிடாதீர்கள், அது பெண்ணாக இருக்கலாம்.

இன எண்ணிக்கை

2025 ஓகஸ்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) ஒட்டகச்சிவிங்கியை நான்கு இனங்களாக ஏற்றுக்கொண்டது. பழைய அட்டையில் "ஒரே இனம்" என்றிருந்தால் மாற்றிவிடுங்கள்.