ரங்கூன் போகிறீர்களா? அங்கே அத்தை இருக்கிறாரா?

டாலர் நோட்டை மடிக்காமல் கொண்டுபோங்கள். மடிப்போ பேனாக் கிறுக்கலோ இருந்தால் ரங்கூனில் திருப்பித் தந்துவிடுவார்கள். மின்வெட்டு உண்டு, கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். மற்றது உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது என் அத்தையின் தாடையைப் பற்றி.

நான் சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அத்தையை நேரில் பார்த்தது நாலே முறை. இந்தத் தடவை போன அன்றே அனோரட்டா தெருக் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சூடம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டார்: "வீடியோல பேசறப்ப என் கழுத்துத் தொங்கல் மட்டும்தான்டா தெரியுது. இப்ப கத்தி வைக்காம இழுத்து விடறாங்களாம். கல்யாணத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு."

பணம் யார் தருவது என்ற பேச்சே எழவில்லை. பத்தொன்பது வருஷம் வெளியில் இருப்பவன் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது.

பதினைந்து நாள் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அத்தை சொன்ன கத்தியில்லாத முறைகள், தெர்மேஜ் ஆகட்டும், அல்தெரபி ஆகட்டும், தோலுக்கு அடியில் சூடேற்றி உடம்பையே புதிய கொலாஜன் உண்டாக்க வைக்கும் வைத்தியம். முழுப்பலன் தெரிய இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகும். அதிலும் அளவாகத் தளர்ந்த தோலுக்குத்தான். நன்றாகத் தொங்கிவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. நாங்கள் போன கிளினிக்கில் இருந்த பெண் "கல்யாணத்தன்னைக்குப் பாருங்க" என்றாள். நானும் தலையாட்டினேன்.

உள்ளே போனோம். வழவழ தரை, கொரிய நடிகை படம், எலுமிச்சை வாசனை. "தெர்மேஜ்" என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. மெஷின் கைப்பிடியின் நுனியில், முகத்தில் படும் டிப் ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதன் ஓரத்தில் முந்தைய ஆளுக்குத் தடவிய ஜெல் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பாதியில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் உறுமியது, மெஷின் மறுபடி எழுந்தது, அத்தை "சுடுதுடா" என்றார். "சுட்டாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று அந்தப் பெண்ணுக்கு முன்னால் நானே சொன்னேன். இன்றைக்கும் உறுத்துவது அந்த வாக்கியம்தான்.

சிங்கப்பூர் திரும்பித்தான் தேடிப் படித்தேன். தெர்மேஜ் டிப் ஒருவருக்கு ஒரு தடவைதான். மூடிய பெட்டியை உங்கள் கண்முன்னே உடைக்க வேண்டும். அதிலுள்ள சிப்பை மெஷின் படிக்கும், இன்னும் எத்தனை ஷாட், அதாவது எத்தனை முறை சூடு வைக்கலாம், மிச்சம் என்று திரையில் காட்டும். முகத்துக்கான பெரிய டிப்பில், வகையைப் பொறுத்து 600 அல்லது 900 ஷாட் வரும். தொடங்கும்போதே எண் குறைந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெட்டியின் வரிசை எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், காலி டிப்பையும் கேளுங்கள். அப்புறம், தெர்மேஜ் வேலை செய்வது ஒருமுனை ரேடியோ அலையில். மின்சாரம் உடம்பு வழியாகத் திரும்ப ஒரு வழி வேண்டும், அதற்காக முதுகிலோ தொடையிலோ அகலமான ஒரு பேட் ஒட்டுவார்கள். அத்தைக்கு எங்கேயும் எதுவும் ஒட்டவில்லை. எனக்கு இந்த ஒன்று தெரிந்திருந்தாலே போதும், பதினைந்து லட்சம் கியாட் மிஞ்சியிருக்கும்.

அல்தெரபி அல்ட்ராசவுண்டில் வேலை செய்வது. அசல் மெஷினின் திரையில் உங்கள் தோலின் அடுக்குகள் நேரலையில் கறுப்பு வெள்ளையாக ஓடும், அதைப் பார்த்துத்தான் ஷாட் கொடுப்பார்கள். வெறும் எண் மட்டும் தெரிந்தால், அது பொதுவான ஹைஃபு மெஷின், அதாவது அல்ட்ராசவுண்டைக் குவித்துச் சூடேற்றும் வகை. அதைத் தப்பென்று சொல்லவில்லை, அல்தெரபி பெயரில் காசு வாங்குவதுதான் தப்பு. இன்னொன்று: இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் ரேடியோ அலை மெஷினைத் தொடுகிற இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை, கையெழுத்துகூட வாங்கவில்லை.

மூன்றாம் நாள் இடது தாடையில் நாணயம் அளவுக்குப் பழுப்புத் தழும்பு. கிளினிக்குக்கு நடந்தேன். "வெயில்ல போயிருப்பாங்க" என்றார்கள். ரசீதைக் காட்டினேன், அதில் தெர்மேஜ் என்ற சொல்லே இல்லை, "முகப் பராமரிப்பு" என்றிருந்தது. மெஷினின் பெயரையும் டிப்பின் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்காதது என் தப்பு.

அத்தை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று தனக்காவை, மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் பர்மியப் பூச்சை, வழக்கத்தைவிடக் கெட்டியாக அரைத்து, கன்னத்திலிருந்து தாடைவரை இழுத்துப் பூசிக்கொண்டார். "என் மருமகன் அனுப்பின வைத்தியம்" என்று பந்தியில் எல்லோரிடமும் சொன்னார்.

இப்போதும் ஞாயிறு தோறும் வீடியோவில் பேசுகிறோம். போனை வலது பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்.